கிளறாத மண்ணில் பிளேடு வைக்காதீர்கள்

சில வருடங்களுக்கு முன்னால், மழைக்காலம் தொடங்கும் முன்பு, இரண்டு கிலோமீட்டர் கிராவல் சாலை ஒன்றைச் சரிசெய்து கொடுத்தோம். குழிகளில் கிராவல் கொட்டி, சாலை நிரவும் வண்டியான மோட்டார் கிரேடரின் பிளேடால், அதாவது அடியில் இருக்கும் நீள இரும்புத் தகட்டால், நிரவி, மேலே ரோலர் ஓட்டினோம். மெழுகிவிட்ட திண்ணை மாதிரி இருந்தது. இரண்டு மழைதான் பெய்தது. முன்பு எங்கெங்கே குழி இருந்ததோ, அங்கங்கே மறுபடி குழி.

ஒரு குழியின் ஓரத்தைக் கடப்பாரையால் வெட்டிப் பார்த்தேன். அடியில் பழைய குழி கிண்ணம் போல அப்படியே இருந்தது, கல்லாக இறுகி. நாங்கள் கொட்டிய கிராவல் அந்தக் கிண்ணத்துக்குள் கூழாகக் கிடந்தது. பழைய மண்ணும் புது மண்ணும் ஒட்டவே இல்லை. தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் தேங்கி, மேலே போன ஒவ்வொரு சக்கரமும் அந்தக் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியிருக்கிறது.

கிரேடரின் பின்னால் மண்ணைக் கிளறும் இரும்புப் பற்கள் இருக்கும், ரிப்பர் என்பார்கள். வேலை நடந்த அன்று ஆப்பரேட்டரிடம், “பின்னாடி இருக்கிற பல்லை இறக்கலையா அண்ணே?” என்று கேட்டிருந்தேன். “பிளேடே வெட்டும் சார், பல்லு எதுக்கு? டீசல்தான் கூட ஆகும்” என்றார். நானும் சரி என்றுவிட்டேன். மேற்பார்வை பார்த்தவன் நான், அதனால் அந்தத் தவறு என்னுடையது.

அப்புறம்தான் இந்த இயந்திரங்களின் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மண்ணைக் கிளறுவது ஒரு வேலை, நிரவுவது இன்னொரு வேலை என்பதைக் குதிரை பூட்டி வேலை செய்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். குதிரைக்கு இருக்கும் பலம் கொஞ்சம். மண்ணைச் சுரண்டி அள்ளி இழுத்துப் போகும் கருவியான சுரண்டியை இறுகிய மண்ணில் வைத்தால் அது நின்றுவிடும். அதனால் அமெரிக்காவில் ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் மண் வேலை செய்தவர்கள் முதலில் கனமான கலப்பையை ஓட்டி மண்ணைப் பெயர்த்துவிட்டு, அதன்பிறகே சுரண்டியைக் கொண்டுவந்தார்கள். நம் வயலில் ஏர் ஓட்டிவிட்டுத்தானே பரம்படிக்கிறோம், அதே வரிசை.

கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பாசனக் கால்வாய் வெட்டும் வேலை மும்முரமாக நடந்த காலம். அப்போது இருந்த சுரண்டி, இரண்டு கைப்பிடி வைத்த ஒரு தகரத் தொட்டி. மண்ணைத் தரையோடு தேய்த்து இழுத்துப் போய் ஓர் இடத்தில் குவியலாகக் கவிழ்க்கும். அந்தக் குவியலை நிரவத் தனியாக ஆள் வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஃப்ரெஸ்னோவில் பட்டறை வைத்திருந்த ஜேம்ஸ் போர்டியஸ் 1883-இல் இதை மாற்றினார். வளைந்த கிண்ணம், அதன் அடி விளிம்பில் வெட்டும் தகடு, இரண்டு பக்கமும் சறுக்குச் சட்டம், பின்னால் நீளமாக ஒரு கைத்தண்டு. தண்டைக் கொஞ்சம் தூக்கினால் தகடு மண்ணைக் கடிக்கும், அழுத்தினால் நிறைந்த கிண்ணம் சறுக்கிக்கொண்டு போகும், முழுக்கத் தூக்கிவிட்டால் கவிழும். கவிழும்போதே மண் வேண்டிய கனத்தில் பரவலாக விழும் என்பதுதான் பெரிய விஷயம். நான்கு குதிரையும் ஒரே ஓர் ஆளும் போதும். பனாமா கால்வாய் வேலையிலும் ஃப்ரெஸ்னோ ஸ்கிரேப்பர் என்று பெயர் பெற்ற இந்தச் சுரண்டி ஓடியது. இன்றைய பெரிய ஸ்கிரேப்பர்களுக்கு இதுதான் மூலம்.

அந்தக் கைத்தண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தகடு போகிற வழியில் ஒரு வேரோ கல்லோ தட்டினால் தண்டு விசுக்கென்று மேலே எழும். பிடித்திருப்பவரின் தாடையில் அடிக்கும், சில நேரம் ஆளையே தூக்கிக் குதிரைகளின் பக்கம் எறிந்துவிடும். முதலில் நன்றாக உழுது, வேரையும் கல்லையும் எடுத்துவிட்ட மண்ணில் இந்த ஆபத்து குறைவு. ஆக, கிளறுவது வேலைத் தரத்துக்காக மட்டும் இல்லை, ஆளின் உயிருக்காகவும்தான்.

இன்னொருவர் மிசௌரி மாநிலத்து விவசாயி டி. வார்டு கிங். 1896 வாக்கில் தன் வீட்டு வாசலிலிருந்து அடுத்த பண்ணை வரை போகும் மண் சாலையைத் தானே சீராக்க ஆரம்பித்தார். பின்னாளில் ஊர் ஊராக அவர் சொல்லிக்கொடுத்த கருவி மிக எளிமையானது. ஏழெட்டு அடி மரக்கட்டை ஒன்றை நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் சுமார் இரண்டரை அடி இடைவெளியில் நிமிர்த்தி வைத்துக் குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும். மேலே பலகை போட்டு அதில் நின்றுகொண்டு, சாலைக்குச் சாய்வாக இழுத்துப் போக வேண்டும். ஓட்டுபவர் தன் எடையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றினால் கட்டை கூடுதலாக வெட்டும் அல்லது விட்டுக்கொடுக்கும். ஓரத்து மண் நடுவுக்கு வந்து, ஒவ்வொரு முறையும் சாலை கொஞ்சம் முதுகு உயரும்.

எல்லோரும் மரக்கட்டையைத்தான் பார்த்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் சொன்ன நேரம். மழை பெய்து முடிந்து, மண் ஈரமாக இருக்கும்போது இழுங்கள் என்றார். காய்ந்து இறுகிய வண்டித்தடத்தின் மேல் இழுத்தால் கட்டை துள்ளிக்கொண்டு போகும், ஒன்றும் நடக்காது. அவருக்குக் கிளறும் வேலையை மழை செய்து கொடுத்தது. ஈர மண்ணைப் பூசினாற்போல் இழுத்துவிட்டு வெயிலில் காயவிட்டால், மேலே ஓடு மாதிரி இறுகித் தண்ணீரை வழியவிடும்.

இண்டியானாவில் ஜே. டி. ஆடம்ஸ் 1885-இல் செய்த கிரேடரில் சக்கரங்களைச் சாய்த்து வைக்கலாம். சாய்வாக வைத்த பிளேடை மண் பக்கவாட்டில் தள்ளும், வண்டி நேராகப் போகாது. சக்கரத்தை எதிர்ப்பக்கம் சாய்த்தால் அந்தத் தள்ளலைத் தாங்கும். இன்று சைட்டில் நிற்கும் எந்த மோட்டார் கிரேடரின் முன்சக்கரத்தையும் பாருங்கள், அதே சாய்வு. 1931-இல் கேட்டர்பில்லர் நிறுவனம் எஞ்சினையும் கிரேடரையும் ஒரே வண்டியாக, ரப்பர் டயரோடு கொண்டுவந்தது. பலம் கூடியது. பலம் கூடியதும், கிளறாமலே வெட்டிவிடலாம் என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது.

வெட்ட முடியும்தான். ஆனால் இறுகிய மண்ணைப் பிளேடால் வெட்டும்போது அது மேடான இடத்தில் துள்ளி, அடுத்த இடத்தில் ஆழமாக இறங்கும். அதுவே அலை அலையாகப் பதிந்துவிடும். வேகமாக ஓட்டினால் இன்னும் மோசம். வெட்டுத் தகடும் சீக்கிரம் தேயும்.

அந்தச் சாலையை மறுபடி செய்தோம். இந்த முறை இருப்பதிலேயே ஆழமான குழியை முதலில் அளந்தேன். அந்த ஆழத்துக்கும் சற்றுக் கீழே போகும்படி ரிப்பர் பல்லை இறக்கி, சாலை முழுவதையும் கிளறினோம். கிண்ணம் உடைய வேண்டும், அதுதான் கணக்கு. பிறகு தண்ணீர் தெளித்து, புது கிராவலைப் பழையதோடு பிளேடால் புரட்டிக் கலந்து, கேம்பர் (நடு உயர்ந்து ஓரம் இறங்கும் சரிவு) வைத்து நிரவி, ஈரம் போவதற்குள் ரோலர் ஓட்டினோம். மண் சாலைக்குக் கேம்பர் 3 முதல் 4 சதவீதம், அதாவது நடுவிலிருந்து ஒரு மீட்டருக்கு 3–4 செ.மீ. இறக்கம். ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து இறுக்குவேன். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் தண்ணீர் கசியக் கூடாது. கிளறிப் போட்டுவிட்டு ரோலர் நாளைக்கு வரும் என்று விடுவதைவிட, கிளறாமலே இருக்கலாம். ராத்திரி மழை வந்தால் அவ்வளவும் சேறு.

ரிப்பர் இறங்கியிருக்கும்போது வண்டியைத் திருப்பவோ பின்னால் எடுக்கவோ கூடாது, பல்லை முழுக்கத் தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பல் வளையும், முறியும். அதைவிட முக்கியம், பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கிரேடர் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி. பெயர்ந்து வரும் கல்லைப் பொறுக்க ஆட்கள் அதன் பின்னாலேயே குனிந்தபடி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவருக்கு அவர்கள் தெரிவதே இல்லை. வண்டி அடுத்த முனைக்குப் போய் நின்ற பிறகு கல் பொறுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

வண்டியை வாடகைக்குப் பேசும்போது பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். பல் எல்லாம் இருக்கிறதா, நுனி தேய்ந்து மொட்டையாகிவிட்டதா என்று. பல் கழற்றிய வண்டி வந்தால் நான் இப்போது வேலையைத் தொடங்குவதில்லை.