தயவுசெய்து காரில் பின்னாலேயே வராதீர்கள்

போன வாரமும் ஒரு பெற்றோர் காரில் பின்னாலேயே வந்துவிட்டார். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராகத் தாங்களாகவே தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். டிக்கெட் கவுன்டரில் ஒரு பையன் பணத்தைக் கையில் பிடித்தபடி நின்றான். பின்னால் வந்தவர்கள் அவனைத் தாண்டிப் போய் வாங்கினார்கள். "எழும்பூர் ஒண்ணு, ரிட்டர்ன்" என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாதவன். இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் கேட்டிருப்பான். அதற்குள் வெளியே காரில் காத்திருந்த அப்பா ஓடிவந்து மூன்று டிக்கெட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

கேட்டால், "வயசானா தானா வரும் மிஸ்" என்கிறார்கள் பெற்றோர்கள். வராது. வயதானால் உயரம் வரும், மீசை வரும். முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்பது வராது. தப்பான வண்டியில் ஏறிவிட்டால் பதறாமல் இறங்குவது வராது. செய்து பார்த்தால்தான் வரும். பள்ளியில் முதலிடம் வாங்கிய பெண், கல்லூரி சேர்ந்த ஊரின் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, எந்தப் பேருந்து என்று சென்னையில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். பதினெட்டு வயது அவளுக்குத் தானாக எதையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

பிள்ளைகளை இப்படித் தனியாக ஊருக்குள் அனுப்பிக் கற்கவைப்பது பிக்னிக்கும் இல்லை, புது வித்தையும் இல்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1969-லேயே பார்க்வே என்ற பள்ளி, தனக்கென்று பள்ளிக் கட்டடம் இல்லாமல் தொடங்கியது. அருங்காட்சியகங்களும் அலுவலகங்களும்தான் வகுப்பறைகள். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் சேர்த்தார்கள்.

சென்ற வருடம் ஒரு குழு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது. அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. எங்கள் தொழிலில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டமான வேலை. பூட்டிய கதவைப் பார்த்து முகம் வாடினாலும், காவலாளியிடம் விசாரித்து, அருகிலேயே இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்குப் போயிருக்கிறார்கள். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலும் வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று என்று திரும்பி வந்து எனக்கே பாடம் எடுத்தார்கள்.

பயம் நியாயமானது, பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இன்னும் அதிகம். அதனால்தான் முதல் இரண்டு பயணங்களில் ஓர் ஆசிரியர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே வருகிறார். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. உங்கள் போன் நம்பரை மனப்பாடம் செய்ய வையுங்கள், போனில் சார்ஜ் தீரும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர உதவி எண் 112, இரண்டையும் எப்போது அழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் வண்டியைத் தவறவிட்டால், ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், விடுபட்டவர் அடுத்த வண்டியில் வந்து சேர வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து யாரும் குதிக்கக் கூடாது, ஏறவும் கூடாது. இதைப் பத்து முறை சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்யாதீர்கள், சாலையைக் கடக்கும்போது அந்த மணி அடித்தால் கவனம் சிதறும்.

அந்தப் பையன் சனிக்கிழமை மறுபடி போகிறான். அவன் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறேன்: காலையில் வாசல்வரை வந்து வழியனுப்புங்கள் சார், அதற்குமேல் வர வேண்டாம்.