வைரஸ்: நச்சுயிரியா, தீநுண்மியா?

"கதவுக் கைப்பிடியில் வைரஸ் எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கும்?" 2020-இல் பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவியபடியே வீட்டுக்கு வீடு கேட்ட கேள்வி இது. அதிலுள்ள 'உயிரோடு' என்ற சொல்லில்தான் சிக்கல். வைரஸுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களும் அந்த இடத்தில்தான் பிரிகின்றன. நச்சுயிரி என்பவர் அதை உயிரி என்று சொல்லிவிடுகிறார். தீநுண்மி என்பவர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

முதலில் மூலச்சொல். லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு. பிசுபிசுத்த நீர், பாம்பின் விடம் ஆகிய பொருள்களும் அதற்கு உண்டு. சமஸ்கிருத விஷமும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த விஷம் தமிழுக்கு வந்து விடம் ஆயிற்று. அப்படிப் பார்த்தால், நீலகண்டன் உண்ட விடமும் நமக்குக் காய்ச்சல் தரும் வைரஸும் சொல்லளவில் பங்காளிகள். அம்மைத் தடுப்பூசியின் முன்னோடியான எட்வர்ட் ஜென்னர் 1798-இல் பசு அம்மை பற்றி எழுதியபோது, கொப்புளத்தில் இருந்த நோய்ப்பொருளைத்தான் வைரஸ் என்றார். உயிர் உண்டா இல்லையா என்ற கேள்வியே அப்போது அந்தச் சொல்லுக்குள் இல்லை.

கேள்வியைக் கொண்டுவந்தது புகையிலைச் செடி. இலையில் திட்டுத்திட்டாக நிறம் வெளுக்கும் தேமல் நோய்க்குக் காரணம் தேடினார்கள். ரஷ்யாவின் திமித்ரி இவனோவ்ஸ்கி, நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியாவும் புக முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. இது 1892-இல். நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பைஜரிங்க் 1898-இல் அதே சோதனையைச் செய்து ஒரு படி மேலே போனார். இது வெறும் நஞ்சு என்றால் செடிக்குச் செடி மாற்ற மாற்ற வீரியம் குறைய வேண்டும், குறையவில்லை. வளரும் செடித் திசுவுக்குள் அது பெருகுகிறது என்று கண்டார். 'உயிருள்ள தொற்று நீர்மம்' என்று பெயரிட்டு, வைரஸ் என்ற பழைய சொல்லையும் அதற்கு வழங்கினார். உயிர் அங்கேதான் வந்து ஒட்டிக்கொண்டது.

1935-இல் அமெரிக்காவின் வெண்டல் ஸ்டான்லி அதே புகையிலை வைரஸைப் படிகமாக்கிக் காட்டினார். உப்பைப் போல, கற்கண்டைப் போல ஒன்றைப் படிகமாக்கிப் புட்டியில் வைக்கலாம். கரைத்துச் செடியில் தடவினால் மறுபடி நோய் வரும். அவருக்கு 1946-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது, வேதியியலுக்கு!

சரி, அதற்குள் என்னதான் இருக்கிறது? புரத உறைக்குள் மரபுச் செய்தியைத் தாங்கும் கொஞ்சம் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ. சிலவற்றுக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வை. உண்பதில்லை, மூச்சு விடுவதில்லை, தானாகப் பிளந்து பெருகுவதில்லை. புரதம் செய்யும் ரைபோசோம் அதனிடம் கிடையாது. புகுந்த செல்லின் ரைபோசோமைத்தான் வேலை வாங்கும். பாக்டீரியாவை மடக்கும் ஆன்டிபயாட்டிக்குகள் வைரஸிடம் பலிக்காததும் இதனால்தான். பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர்க் கட்டுமானத்தைக் குலைக்கிறது. வைரஸுக்குச் செல்லே இல்லை, சுவர் எங்கிருந்து வரும்?

இந்த நிலையைச் சொல்லத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கிறது. மெய்யெழுத்துக்கு வடிவு உண்டு, இயக்கம் இல்லை. உயிரோடு சேர்ந்தால்தான் அது உயிர்மெய். செல்லுக்கு வெளியே கிடக்கும் வைரஸ் வெறும் மெய். உள்ளே போனதும் செல்லின் உயிரை வாங்கி உயிர்மெய் ஆகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான உவமை வேறு மொழியில் கிடைப்பது கடினம்.

இப்போது சொற்களுக்கு வருவோம். மருந்து என்பது மருத்துவத்தில் மருத்து ஆவதைப் போல, நஞ்சு உயிரியோடு சேரும்போது நச்சு ஆகி, நச்சுயிரி பிறந்தது. லத்தீன் பொருளை அப்படியே தாங்கும் நல்ல ஆக்கம்தான். ஆனால் அறிவியல் இன்னும் முடிக்காத வழக்கை அது தன் பின்பாதியிலேயே முடித்துவிடுகிறது. நுண்மை உடையது நுண்மி. தீமை செய்யும் நுண்மி தீநுண்மி. உயிர் பற்றி எதுவும் சொல்லாத நேர்மை இதில் இருக்கிறது. குறை முன்பாதியில். 1917-இல் பெலிக்ஸ் தெரெல் 'பாக்டீரியா தின்னி' என்று பெயரிட்ட ஃபேஜ் வைரஸ்கள் பாக்டீரியாவை அழிப்பவை. நமக்கு அவை என்ன தீங்கு செய்கின்றன? கிருமி என்ற சொல்லோ முதலில் புழுவைக் குறித்தது. கிருமிகண்ட சோழன் கதையில் வருவது கழுத்துப் புண்ணில் நெளிந்த புழுதான். வைரஸுக்கு அது ரொம்பவும் பெரிய சட்டை.

உயிரி இல்லையென்றால் உயிரியல் பாடத்தில் அதற்கு என்ன வேலை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். மரபுப்பொருள் டிஎன்ஏவே என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஹெர்ஷியும் சேஸும் 1952-இல் காட்டியது ஃபேஜ் வைரஸை வைத்துத்தான். பாக்டீரியாவில் ஒட்டியிருந்த உறைகளைச் சமையலறை மிக்சி போன்ற ஒன்றில் போட்டுச் சுழற்றிப் பிரித்தார்கள். உள்ளே போயிருந்தது பெரும்பாலும் டிஎன்ஏ, வெளியே நின்றுவிட்டது புரதம். மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு, தம் மரபுப்பொருளைச் செல்லின் டிஎன்ஏவிலேயே செருகிவிடும் ரெட்ரோவைரஸ்கள் பழங்காலத்தில் விட்டுச் சென்றது. தாயின் வயிற்றில் நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சைட்டின் என்ற புரதமும் அப்படி வந்ததே. நஞ்சுக்கொடியிலும் நஞ்சு இருக்கிறது பாருங்கள், தமிழில்!

எல்லைக்கோடும் உறுதியாக நிற்கவில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1992-இல் ஒரு குளிர்விப்புக் கோபுரத்து அமீபாவில் கண்டதைப் பாக்டீரியா என்றே நினைத்தார்கள். 2003-இல்தான் அது ராட்சத வைரஸ் என்று தெரிந்து, நுண்ணுயிரி போல நடிப்பதால் மிமிவைரஸ் ஆனது. 2008-இல் அதன் உறவுக்கார வைரஸ் ஒன்றைத் தொற்றி நலிவடையச் செய்யும் குட்டி வைரஸும் கிடைத்தது. நோய்ப்படக்கூடியதை உயிரற்றது என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே வைரஸ் என்ற சொல்லைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம். அது தமிழில் பழகிவிட்டது. தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்றால், நோய் தருபவற்றுக்குத் தீநுண்மி என் தேர்வு. கதவுக் கைப்பிடி விஷயத்தில் மட்டும் 'எத்தனை மணி நேரம் தொற்றும் நிலையில் இருக்கும்' என்று எழுதிவிடலாம். சோப்பு வைரஸைக் கொல்வதில்லை. கொழுப்புப் போர்வை உள்ள வைரஸ் என்றால், அந்தப் போர்வையைக் கரைத்து அதைக் குலைக்கிறது.