வரைபடம் காலியாக இருப்பதை வைத்து ‘பவளம் இல்லை’ என்று எழுதாதீர்கள்

கடந்த மாதம் இன்னொரு அறிக்கை கைக்கு வந்தது. மன்னார் வளைகுடாக் கரையில் வரவிருக்கும் ஒரு கட்டுமானத்துக்கான சுற்றுச்சூழல் மதிப்பீடு. பவளப்பாறை பற்றி அதில் ஒரே வரி: "திட்டப் பகுதியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் பவளப்பாறைகள் இல்லை." ஆதாரம், செயற்கைக்கோள் படங்களிலிருந்து பவளப்பாறைகளை வரைந்து காட்டும் ஆலன் கோரல் அட்லஸ் தளத்திலிருந்து எடுத்த ஒரு ஸ்க்ரீன்ஷாட். அதில் தேதிகூட இல்லை. யாரும் தண்ணீரில் இறங்கிப் பார்க்கவில்லை. மாணவர்களின் ஆய்வேடுகளிலும் இதே வரியைப் பார்த்துச் சலித்துவிட்டேன். ஆய்வேட்டில் என்றால் மதிப்பெண்ணோடு போய்விடும். இங்கே பாரின் மேல், அதாவது பவளப்பாறைத் திட்டின் மேல், மண் விழும்.

தளத்தின் மேல் எனக்குக் குறையே இல்லை. உலகத்துப் பவளப்பாறைகளை எல்லாம் ஒரே முறையில் வரைந்து 2021-ல் முடித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது பெரிய காரியம். என் வேலையில் அடிக்கடி திறக்கும் தளம் அது. ஆனால் அந்தப் படம் வானத்திலிருந்து கடலடியைப் பார்த்து வரைந்த படம். தெளிந்த நீரிலேயே அடித்தள வகைகளை (பவளம், மணல், பாறை போன்றவை) பத்து மீட்டர் ஆழம் வரைதான் அது வரைகிறது. நம் கடலோ பாதி ஆண்டு கலங்கிக் கிடக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளில் இறங்கினால், நீட்டிய கையின் விரல் மங்கலாகத்தான் தெரியும். அந்தக் கலங்கலுக்குக் கீழே, ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் போரைட்டஸ் என்ற பவள வகையின் உருண்டைகள் உயிரோடு உட்கார்ந்திருக்கும். செயற்கைக்கோளுக்கு அது வெறும் பழுப்புத் தண்ணீர்.

திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் எத்தனை முறை சொன்னாலும் இதுதான் மறந்துபோகிறது. வரைபடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால், அங்கே பவளம் இல்லாமல் இருக்கலாம். பவளம் இருந்தும் கலங்கலிலோ ஆழத்திலோ மறைந்திருக்கலாம். அந்த இடத்தை வரையவே முடியாமல் விட்டிருக்கலாம். இந்த மூன்றில் எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கல்யாண ஆல்பத்தில் முகம் விழவில்லை என்பதற்காக ஒருவர் கல்யாணத்துக்கே வரவில்லை என்று முடிவு கட்டுவோமா? நீரின் கலங்கலைக் காட்டும் அடுக்கும் அதே தளத்தில் உண்டு. அதையாவது திறந்து பார்த்திருக்கலாம்.

நிறம் தெரியும் இடத்திலும் ஏமாறாதீர்கள். அட்லஸில் ‘பவளம்/பாசி’ என்று இரண்டும் சேர்ந்து ஒரே வகை. உயிருள்ள பவளமோ பாசியோ, எது படர்ந்த கெட்டித் தரையானாலும் ஒரே நிறம்தான். அந்தப் பரப்பைக் கூட்டி "இத்தனை ஹெக்டேர் உயிர்ப்பவளம்" என்று எழுதுகிறார்கள். குருசடைத் தீவில் கப்பாஃபைக்கஸ் பாசி பவளத்தின் மேல் பாய் விரித்த மாதிரி ஏறியது. அடியில் பவளம் வெளிச்சம் கிடைக்காமல் செத்துக்கொண்டிருக்கும்போதும், அந்த இடம் ‘பவளம்/பாசி’ என்ற வகைக்குள்தான் அடங்கும். சாவே பதிவாகாத கணக்கை வைத்துப் பாதுகாப்புத் திட்டம் எப்படிப் போடுவது?

உயிர்ப்பவளம் எவ்வளவு என்பதை, தண்ணீருக்கடியில் டேப் விரித்து அளப்பவர்கள்தான் சொல்ல முடியும். 2016 வெளிறலுக்கு (வெப்பத்தில் பவளம் நிறமிழந்து வெளுப்பது) முன்னும் பின்னும் மன்னார் வளைகுடாவில் அப்படி அளந்தபோது, கடலடியில் உயிர்ப்பவளம் மூடிய பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7-க்கு இறங்கியிருந்தது. இதை "16 சதவீதப் பவளம் அழிந்தது" என்று எழுதுபவர்கள் உண்டு. தப்பு. இருந்ததில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது.

அப்புறம் வெப்ப எச்சரிக்கைகள். அமெரிக்காவின் நோவா நிறுவனம் நடத்தும் கோரல் ரீஃப் வாட்ச், ஐந்து கிலோமீட்டர் கட்டங்களாகத் தினமும் கடல்மேற்பரப்பு வெப்பத்தைத் தருகிறது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரியோ அதற்கு மேலோ ஏறிய வெப்பத்தைப் பன்னிரண்டு வாரங்களுக்குக் கூட்டிக்கொண்டே வரும். கூட்டுத்தொகை 4 தொட்டால் முதல் நிலை எச்சரிக்கை, 8 தொட்டால் இரண்டாம் நிலை. எச்சரிக்கை வந்த மறுநாளே "மன்னாரில் பவளம் வெளிறியது" என்று செய்தி போடுகிறார்கள். அது வெளிறக்கூடிய வெப்பம், அவ்வளவுதான். வெளிறியதா என்று போய்ப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: நம் தீவுகளின் பார்கள் ஆழம் குறைந்தவை, கரையை ஒட்டியவை. ஐந்து கிலோமீட்டர் கட்டத்தில் ஆழ்கடல் நீரும் சேர்ந்துவிடுகிறது. நோவா எடுத்துக்கொள்வதோ இரவு வெப்பம். மே மாத நண்பகலில், நீர் வற்றிய நேரத்தில் பார் மேல் நிற்கும் சூடு அந்தக் கட்டத்தில் வராது. எச்சரிக்கை இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

துறைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 2023 டிசம்பரில் நோவா மேலும் மூன்று எச்சரிக்கை நிலைகளைச் சேர்த்தது, இப்போது ஐந்து. பழைய இரண்டாம் நிலையில் 8-க்கு மேலான எல்லாமே அடக்கம். புதியதில் 8 முதல் 12-க்குள் மட்டும். எனவே 2016-ஐயும் 2024-ஐயும் நிலைகளை வைத்து ஒப்பிடாதீர்கள். கூட்டுத்தொகையையே எடுங்கள்.

இனப் பட்டியல்களும் இதே கதைதான். எந்த உயிரினம் எங்கே பதிவானது என்று திரட்டி வைக்கும் ஓபிஸ், ஜிபிஐஎஃப் ஆகிய உலகத் தரவுத்தளங்களில் புள்ளி இல்லாத இடம், பெரும்பாலும் யாரும் தேடிப் போகாத இடம். பழைய பதிவுகளில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்ததால், பவளத்தின் புள்ளி நிலத்தில் விழுந்து கிடப்பதையும் பார்க்கலாம். ஒரு பட்டியலில் ஃபேவியா பாலிடா, டிப்சாஸ்ட்ரேயா பாலிடா என்ற பவளப் பெயர்கள் இரண்டு இனங்களாக எண்ணப்பட்டிருந்தன. இரண்டும் ஒன்றுதான், பின்னது இன்றைய பெயர். கடல் உயிரினங்களின் சரியான பெயர்களைத் தரும் வோர்ம்ஸ் தளத்தில் ஒட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எனவே தரவு எடுத்த தேதியையும் பதிப்பையும் எழுதுங்கள். வரைபடத்தை, எங்கே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யப் பயன்படுத்துங்கள். இறங்காமல் இருக்க அல்ல. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்குங்கள், தாமதமானால் காத்திருங்கள். இறங்க முடியவில்லை என்றால் "கள ஆய்வு செய்யப்படவில்லை" என்று எழுதுங்கள். "இல்லை" என்று எழுதாதீர்கள். சங்கு குளிக்கிறவர்களிடம் கேளுங்கள். எந்தப் பார் எங்கே, எத்தனை பாகம் ஆழத்தில் என்று விரல்நுனியில் வைத்திருப்பார்கள்.

கல்லூரிகளில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இருபது ஆண்டுகளாக எடுத்த அளவுகள் உங்கள் அலமாரியிலும் பழைய ஹார்ட் டிஸ்கிலும் தூங்குகின்றன. அவை வெளியே வராதவரை, அந்த இடங்கள் வரைபடத்தில் காலியாகவே இருக்கும், அடுத்த அறிக்கையும் "இல்லை" என்றே எழுதும். இடம், தேதி, ஆழம், அளந்த முறை, இந்த நான்கையும் ஒரு எக்செல் தாளில் போட்டு, ஓபிஸின் இந்தியக் கிளையை நடத்தும் கொச்சிக் கடல்வாழ் உயிர்வள மையத்துக்கு அனுப்புங்கள். முழுமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 2016-க்கு முந்தைய அளவுகளை முதலில் அனுப்புங்கள்.