நான்கு மணி நேர இலக்கும் தசையின் நாட்காட்டியும்

புத்தாண்டு பிறந்த கையோடு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரை மராத்தானை 2 மணி 10 நிமிடத்தில் முடித்திருக்கிறேன். இந்த ஆண்டு முழு மராத்தானை 4 மணி நேரத்துக்குள் முடிப்பேன் என்று டைரியில் எழுதிவிட்டேன். நடக்குமா?"

முதலில், அந்த 4 எங்கிருந்து வந்தது? ஏறத்தாழ 1 கோடி மராத்தான் ஓட்டங்களின் முடிவு நேரங்களை அலசி 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 3 மணி, 4 மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்பாக ஓட்டக்காரர்கள் குவிந்திருப்பதையும், அந்த எண்ணைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று சரிவதையும் காட்டியது. முழு எண்ணின் ஆசை கடைசிக் கிலோமீட்டர்களில் கால்களை விரட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஜனவரியில் இலக்கு வைப்பதற்கு அது ஏற்ற அளவுகோல் அன்று.

கணக்குக்கு வருவோம். பீட்டர் ரீகல் என்ற பொறியாளர் 1977இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, தூரம் இரட்டிப்பானால் நேரம் சுமார் 2.085 மடங்காகும். அதன்படி நம் வாசகரின் முழு மராத்தான் நேரம் 4 மணி 31 நிமிடம். குறைவாகப் பயிற்சி செய்யும் அமெச்சூர்களுக்கு இந்தக் கணிப்பும் தாராளமானதே. 4 மணிக்குள் முடிக்க ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 விநாடியில் ஓட வேண்டும். அவரோ பாதித் தூரத்தையே கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 விநாடி என்ற வேகத்தில்தான் ஓடியிருக்கிறார்.

இந்த இடைவெளியை நிரப்பும் வேலையில் இதயம், இரத்தம், நுண்குழாய்கள் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. என்னை எப்போதும் வியக்க வைப்பது, செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு. ஓட்டம் முடிந்து நாம் ஷூவைக் கழற்றும்போது, ஓடியது தசைச் செல்லின் உட்கருவுக்கு எப்படித் தெரிகிறது? தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் செல்லுக்குள் கால்சியம் பொங்கி அடங்குகிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி வேகமாகச் செலவாவதால் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது. ஒன்று வேலை நடந்ததையும் மற்றொன்று எரிபொருள் நெருக்கடியையும் அறிவிக்க, இரு செய்திகளும் 1998இல் கண்டறியப்பட்ட பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதத்திடம் வந்து சேர்கின்றன. அது மைட்டோகாண்ட்ரியாவுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியா தன் சொந்த டிஎன்ஏவைக் கொண்டு 13 புரதங்களை மட்டுமே செய்துகொள்கிறது. மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உட்கருவின் கட்டளைப்படி வெளியே உருவாகி உள்ளே கொண்டுவரப்படுகின்றன. இரண்டு தொழிற்கூடங்களும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா பருத்துப் பெருகும்.

ஓர் ஓட்டம் எழுப்பும் மரபணுச் செய்தி ஏறத்தாழ ஒரு நாளில் தணிந்துவிடுகிறது. அதனால் உருவான புரதமோ அதைவிட நெடுநாள் தங்குகிறது. எலித் தசையில் அளந்தபோது அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஒரு வாரத்தை ஒட்டி இருந்தது. ஒரே அளவான பயிற்சியைத் தொடர்ந்தால் அது தரக்கூடிய பெருக்கத்தில் பாதி முதல் வாரத்திலும், முக்கால் பங்கு இரண்டாம் வார முடிவிலும், 94 சதவீதம் நான்காம் வார முடிவிலும் கைகூடும் என்பது அதிலிருந்து கிடைக்கும் எளிய கணக்கு. அதன்பின் அதே தூரத்தை அதே வேகத்தில் எத்தனை மாதம் ஓடினாலும் இந்தக் கணக்கில் வரவு சொற்பமே. ஓட்டத்தை நிறுத்தினால் சேர்த்ததும் இதே வேகத்தில் கரையும். தசைநாண்கள் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும் என்பதால், சுமையை மளமளவென்று ஏற்றவும் முடியாது.

ஜான் ஹாலோசி என்ற மருத்துவர் எலிகளைப் பல வாரங்கள் டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரிய நொதிகள் இரட்டிப்பாவதை 1967இல் காட்டினார். எலி ஓடுவதைப் பார்க்க எதற்குப் பணம் என்று கேட்கும் நிதிக்குழுக்களிடம் இதைச் சொல்லத் தோன்றும். மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குவதாக விளம்பரம் செய்யும் மாத்திரைகளுக்குக் கொட்டப்படும் பணத்தில் ஒரு பங்கு இத்தகைய ஆய்வுகளுக்குப் போனால் நான் மகிழ்வேன்.

ஆகவே வாசகர் 4 என்ற எண்ணை இப்போதைக்குப் பென்சிலால் எழுதட்டும். ஆண்டை நான்கு முதல் ஆறு வாரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வாரத் தூரத்தையோ நெடுந்தூர ஓட்டத்தையோ ஒரு படி உயர்த்தி, இடையிடையே ஒரு வாரம் சுமையைக் குறைத்து ஓடட்டும். 4 மணி நேரம் கைக்கு எட்ட வேண்டுமானால் அரை மராத்தான் நேரம் 1 மணி 55 நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். ஆண்டின் நடுவில் ஓர் அரை மராத்தானை ஓடிப் பார்த்து அது 2 மணியில் நின்றால், முழு ஓட்டத்துக்கான கணிப்பு 4 மணி 10 நிமிடம். டைரியில் மை கொண்டு எழுத வேண்டிய எண் அதுவே.