நியூட்ரினோ மோதிய பிறகு அணுக்கருவுக்குள் என்ன நடக்கிறது?

நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு மின்னூட்டம் கிடையாது, டிடெக்டருக்குள் வந்தாலும் தடம் விடாது. சூரியனிலிருந்து வருபவை மட்டுமே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் நம்மைத் துளைத்துக்கொண்டு போகின்றன. எப்போதாவது ஒன்று அணுக்கருவில் மோதும்போது தெறிக்கும் துகள்களை வைத்துத்தான் அது எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்று கணக்குப் போடவேண்டும்.

அந்த ஆற்றல் ஏன் அவ்வளவு முக்கியம்? நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. போகும் வழியிலேயே ஒரு வகை இன்னொன்றாக மாறும். எவ்வளவு மாறும் என்பது தூரத்தையும் ஆற்றலையும் பொறுத்தது. தூரத்தை அளந்துவிடலாம். ஆனால் துகள் முடுக்கியிலிருந்து வரும் கற்றையில் பல ஆற்றல்கள் கலந்திருக்கும், எது எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது.

சரி, ஒரு மோதலைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆர்கான் அணுக்கருவில் 18 புரோட்டான், 22 நியூட்ரான். மியூவான் வகை நியூட்ரினோ ஒன்று ஒரு நியூட்ரானில் மோதுகிறது; நியூட்ரினோ, எலக்ட்ரானின் கனமான உறவினரான மியூவானாகிறது, நியூட்ரான் புரோட்டானாகிறது. அடிபட்ட நியூட்ரான் அசையாமல் நின்றிருந்தால் மியூவானின் ஆற்றலும் கோணமுமே போதும். ஆனால் அது ஏறக்குறைய ஒளி வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கில் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம், பிறந்த புரோட்டானும் நேராக வெளியே வரும் என்று சொல்லமுடியாது. வழியில் இன்னொரு நியூட்ரானை இடித்து வெளியே தள்ளலாம், அதுவும் தடம் விடாமல் தன் பங்கு ஆற்றலோடு போய்விடும். சில மோதல்களில் பையான் என்ற துகள் உருவாகி, வெளியேறும் முன்பே கருவுக்குள் விழுங்கப்பட்டுவிடும். நமக்கு அது பையானே இல்லாத எளிய மோதல் போலத் தெரியும், ஆற்றலைக் குறைத்துக் கணக்கிட்டுவிடுவோம். இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான்.

அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தின் மினிபூன் பரிசோதனை 2010இல் வெளியிட்ட முடிவில், கார்பனில் பையான் இல்லாத மோதல்கள் அப்போதைய கணிப்பைவிட அதிகமாக இருந்தன. நியூட்ரினோ ஒற்றைத் துகளில் மட்டுமல்ல, ஒன்றோடொன்று பிணைந்த ஜோடியிலும் மோதி இரண்டையும் வெளியே தள்ளுகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இதையெல்லாம் பிரித்தறிய, அங்கேயே மினெர்வா பரிசோதனை கார்பன், இரும்பு, ஈயம் ஆகியவற்றை ஒரே கற்றையின் வழியில் வைத்து 2019 வரை அளந்தது. கரு பெரிதாகப் பெரிதாக உள்ளே நடக்கும் இடிபாடுகளும் கூடும், அதனால் ஒன்றில் அளந்ததை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்தமுடியாது.

1,300 கிலோமீட்டர் தூரத்துக்கு நியூட்ரினோக்களை அனுப்பவிருக்கும் டியூன் பரிசோதனை திரவ ஆர்கானைப் பயன்படுத்துகிறது. ஆகவே ஆர்கானிலேயே அளந்தாகவேண்டும். ஃபெர்மிலேப்பின் வேறொரு கற்றை பிறக்கும் இடத்துக்கு வெறும் 110 மீட்டரில் நிற்கும் எஸ்பிஎன்டி டிடெக்டர் 2024 முதல் அந்த மோதல்களைத்தான் பதிவுசெய்து வருகிறது.