மெசாவில் பக் (நிரல் பிழை) கண்டுபிடித்தால் உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள்

ஒரு நட்சத்திரம் பிறந்ததிலிருந்து வெள்ளைக் குள்ளனாகவோ சூப்பர்நோவாவாகவோ முடிகிறவரை கணினியில் ஓட்டிப் பார்க்க இன்று உலகம் முழுக்கப் பலர் கையில் எடுப்பது மெசா என்ற நிரல்தொகுப்பைத்தான். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. இதைத் தொடங்கிய பில் பாக்ஸ்டன் அடோபியில் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். அப்புறம் சான்டா பார்பராவில் உள்ள காவ்லி கோட்பாட்டு இயற்பியல் நிறுவனத்தில் இருந்தபடி நட்சத்திரங்களுக்காக ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதினார். முதல் விளக்கக் கட்டுரை 2011இல் வந்தது. 2021இல் அமெரிக்க வானியல் கழகம் அவருக்கு பியாட்ரிஸ் டின்ஸ்லி பரிசு கொடுத்தது, பொது நிரலுக்காக உழைப்பதும் வானியல்தான் என்று ஒரு கழகமே ஒத்துக்கொண்டதாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட நிரல்களைப் பயன்படுத்தும் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவுவதுதான் என் வேலை. அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: கால இடைவெளி, அதாவது கணக்கு ஒரு படியில் நட்சத்திரத்தின் வயதை நகர்த்தும் அளவு, மிகச் சிறியதாகிவிட்டது என்று சொல்லி நிரல் நின்றுவிட்டது, என்ன செய்வது?

உள்ளே நடப்பது இதுதான். மெசா நட்சத்திரத்தை மையத்திலிருந்து மேற்பரப்பு வரை பல நூறு, சில சமயம் பல ஆயிரம் ஓடுகளாக (வெங்காயத் தோல்போல ஒன்றைச் சுற்றி ஒன்றான அடுக்குகளாக) பிரித்து, எல்லா ஓடுகளின் சமன்பாடுகளையும் ஒன்றாகத் தீர்க்கிறது. தீர்வு குவியவில்லை, அதாவது ஒரே விடையில் நிலைக்கவில்லை என்றால் இன்னும் சிறிய கால இடைவெளியோடு திரும்ப முயலும், அதுவும் சரிவராவிட்டால் இன்னும் சிறியது, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அப்படி நிற்பது பெரும்பாலும் ஒரு தகவல், இந்த இடத்தில் உங்கள் இயற்பியலோ ஓடுகளைப் பிரித்த விதமோ சிக்கலில் இருக்கிறது என்று அது சொல்கிறது. ஆனால் ஆய்வேட்டுக்குக் கெடு நெருங்கும்போது பலர் செய்வது, பிழைக்கான வரம்பைத் தளர்த்திக்கொண்டே போய் எப்படியாவது ஓட வைப்பது. ஓடியும்விடும்.

ஓடியது சரி, விடை சரியா? மிகப் பெரிய நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் வெளி உறையில் கதிர்வீச்சு அழுத்தம் எடிங்டன் வரம்பை, அதாவது வெளியே தள்ளும் ஒளி ஈர்ப்பைச் சமன்செய்துவிடும் எல்லையை, நெருங்கும், கணக்கு அங்கேதான் திணறும். அதைத் தாண்டிப் போவதற்காக வெளி உறையில் வெப்பம் வெளியேறுவதைச் செயற்கையாக எளிதாக்கும் எம்எல்டி பிளஸ்பிளஸ் என்ற தெரிவை 2013 கட்டுரையில் விளக்கினார்கள். அதைப் போட்டால் கணக்கு நகர்ந்துவிடும், ஆனால் நட்சத்திரத்தின் ஆரமும் மேற்பரப்பு வெப்பநிலையும் கூடவே மாறும். இரட்டை நட்சத்திரத்தில் ஒன்றின் நிறை மற்றொன்றுக்குப் பாயுமா என்பதே ஆரத்தைப் பொறுத்தது. பின்னால் இரண்டு கருந்துளைகள் ஒன்றோடொன்று மோதி ஈர்ப்பலைகளை அனுப்புமா என்ற முடிவுகூட அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம். இவ்வளவு பெரிய விஷயம், ஓட்டத்துக்கான தெரிவுகளை எல்லாம் எழுதிவைக்கும் இன்லிஸ்ட் கோப்பில் ஒரு வரி, கட்டுரையில் அது பல நேரம் வருவதே இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நிரலோடு இயல்பாக வரும் அமைப்புகளும் (செட்டிங்ஸ்) அப்படித்தான், அவை அப்படியே ஆய்வுக்குப் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. ஓடுகளை மெல்லியதாக்கி, கால இடைவெளியைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். விடை நகர்ந்தால் அது இன்னும் விடை ஆகவில்லை.

இனி பக். நிரலில் ஒரு தவறைக் கண்டுபிடித்து, தன் கணினியில் மட்டும் திருத்திக்கொண்டு, கட்டுரையை வெளியிட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். கெட்ட எண்ணம் ஏதுமில்லை, நேரமில்லை, அவ்வளவுதான். ஆனால் அதே தவறு மற்ற எல்லாருடைய கணக்கிலும் அப்படியே இருக்கிறது, உங்கள் முடிவும் அவர்கள் முடிவும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு வருடம் கழித்து யாரோ தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

கண்ட தவறைச் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஒரே பதிப்பு, ஒரே இன்லிஸ்ட் என்றால் உங்கள் லினக்ஸிலும் இன்னொருவரின் மேக்கிலும் கடைசி பிட் வரை ஒரே விடை வரவேண்டும் என்பதற்காகவே மடக்கை, அடுக்கு போன்ற சார்புகளுக்குத் தனிக் கணித நூலகம் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே பதிப்பு எண், கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), முழு இன்லிஸ்ட், திரையில் வந்த செய்தி, இவ்வளவும் இருந்தால் நீங்கள் பார்த்ததை நாங்களும் பார்க்க முடியும். நீங்களாகச் சேர்த்த ஃபோர்ட்ரான் பகுதியை எடுத்துவிட்டு ஓட்டியும் பிரச்சினை வருகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், பாதி நேரம் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். "ஓடவில்லை" என்று ஒரே வரியில் வரும் கேள்விக்கு, உதவ எவ்வளவு ஆசை இருந்தாலும் எதுவும் செய்ய முடியாது.

கட்டுரை வெளிவரும்போது இன்லிஸ்டையும் ஸெனோடோ என்ற இலவச ஆய்வுக் கோப்புக் களஞ்சியத்தில் போட்டுவிடுங்கள். மெசா கட்டுரைகளை மட்டும் மேற்கோள் காட்டினால் போதாது, ஒளிபுகாமை (பொருள் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்ற) அட்டவணைகள், அணுக்கரு வினை வேகங்கள் எல்லாம் வேறு வேறு குழுக்கள் பல வருடம் உழைத்துத் தந்தவை, அவர்கள் பெயரும் வரவேண்டும்.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் ஒரு திருத்தத்தைச் சோதனையோடு எழுதிப் பொது நிரலுக்கு அனுப்ப இரண்டு வாரம் கேட்டால் கொடுங்கள். பரிந்துரைக் கடிதத்தில் அதை நீங்களே விவரியுங்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு ஃபோர்ட்ரான் தெரியாமல் இருக்கலாம், அந்தத் திருத்தத்தால் எந்த நட்சத்திரத்தின் எந்தக் கணக்கு மாறியது என்று எழுதினால் அவர்களுக்குப் புரியும்.