வாசிக்க முடிந்தது ஆறு இலக்கங்கள் மட்டும்

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எங்கள் வங்கிக் கிளைக்கு வந்திருந்தார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கைபேசியை எடுத்து என் மேசையில் வைத்து, "தம்பி, காசு எல்லாம் போயிருச்சு, பாருங்க" என்றார். முதல் நாள் மாலை ஒருவன் நல்ல தமிழில் பேசி, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு தடைப்பட்டிருப்பதாகவும், இப்போது வரும் குறுஞ்செய்தியில் உள்ள எண்ணைச் சொன்னால் உடனே விடுவித்துவிடலாம் என்றும் கூறியிருக்கிறான். அவர் சொல்லியிருக்கிறார். மூன்று தடவையில் 27,000 ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது. நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த அந்தச் சமயத்தில் அது இருபது நாள் கொழுந்து பறித்த கூலி.

அந்தக் குறுஞ்செய்திகளை நான் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும், பணம் அனுப்புவதை உறுதிசெய்ய வங்கி ஒரு தடவைக்கென அனுப்பும் ஆறு இலக்கங்கள் இருந்தன. அவற்றின் கீழே, இதை எவருக்கும் வெளியிட வேண்டாம் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அந்தத் தாய்க்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். தோட்டத்தின் வரவுப் பதிவேடான செக்ரோலில் தன் பெயருக்கு நேரே எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்று பார்த்துப் பழகியதால் இலக்கங்களும் நன்றாகத் தெரியும். ஆகவே, அந்தச் செய்தியில் அவரால் வாசிக்க முடிந்த ஒரே பகுதி, எவரிடமும் சொல்லக் கூடாத பகுதிதான். பத்தொன்பது ஆண்டுகளாகக் கருமபீடத்தில் வேலை பார்க்கும் எனக்கு, இவ்வகை மோசடிகளை மக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட அன்றிலிருந்து மனம் வரவில்லை.

தொழில்நுட்பம் மலையகத்துக்குச் செய்திருக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. முன்பு ஊழியர் சேமலாப நிதி விடயமாக ஹட்டனுக்கு ஒருமுறை வந்து போவதென்றால் ஒரு நாள் பெயர் விழாது, அன்றைய கூலி போய்விடும். பேருந்துச் செலவு வேறு. இன்று கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பும் பணம் சில நொடிகளில் வந்து சேர்கிறது. 2023 இல் அஸ்வெசும தொடங்கி, கொடுப்பனவு வங்கிக் கணக்குகளுக்கு வரத் தொடங்கியபோது, வாழ்க்கையில் முதன்முதலாகக் கணக்குத் திறந்த பெண்கள் பலருக்கு நானே படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் இந்த ஏற்பாடு, ஒருவருக்கு ஒரு கைபேசி, அது எப்போதும் அவர் கையில், அதில் வருவதை அவரே வாசிப்பார் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு கைபேசிதான். பகலில் அது பிள்ளையின் பாடத்துக்கும் இரவில் வெளியூர் உறவுகளோடு பேசவும் கைமாறிக்கொண்டே இருக்கும். பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பகுதிகளில் சில மலைமடிப்புகளுக்குள் அலைவரிசை எட்டாததால், கோயில் மேட்டுக்கு ஏறி வருவதற்குள் அந்த ஆறு இலக்கங்களின் ஆயுள் முடிந்துவிடுகிறது. இந்தத் தொல்லை வேண்டாமென்று சிலர் வங்கிக் கணக்கோடு இணைத்த சிம் அட்டையையே கொழும்பிலிருக்கும் உறவினரிடம் கொடுத்துவிடுகிறார்கள். வேறு சிலருக்குக் கடவுச்சொல் வைத்துக் கொடுத்தவர் ரீலோட் போடும் கடைக்காரர். அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் பெட்டியின் சாவி உரியவரிடம் இல்லை.

இழப்பை விட என்னை வருத்துவது வீட்டில் கிடைக்கும் ஏச்சு. அன்று கூட வந்திருந்த மகன், "வாசிக்கத் தெரியாட்டி ஏம்மா போனை எடுத்தீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார், தாய் தலை நிமிரவில்லை. இப்படி ஏச்சுக்குப் பயந்து இரண்டு மூன்று நாள் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டிவிடும். தயவுசெய்து ஏசாதீர்கள்; முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 இலும், வங்கி உரிய பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 இலும் அழைக்கலாம். எந்த வங்கியும், எந்த அரச அலுவலகமும் அந்த எண்ணைத் தொலைபேசியில் கேட்பதில்லை.

தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் 1987 இலேயே சொல்லிவிட்டது. இருந்தும் பணம் காக்கும் அந்த ஒற்றை வரியைத் தமிழில் அனுப்புங்கள் என்று கேட்டால், செலவு அதிகம் என்ற பதில் கிடைக்கிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகளைக் கொள்ளும். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்பட்டு 70 தான். ஆகவே நான் எண்ணிப் பார்த்தேன். "இந்த இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்பதற்கு இடைவெளிகளோடு 40 இடங்கள் போதும். ஆறு இலக்கங்களுக்கு இன்னும் 30 இடங்கள் மீதமிருக்கின்றன.